செஸ் எஞ்சினில் வேகத்துக்காக நிரலை எவ்வளவு தூரம் கெடுக்கலாம்?

சிப்பாய்_64:

எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்காக சி++ மொழியில் ஒரு செஸ் எஞ்சின் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிட்போர்ட் (64 கட்டங்களை ஒரு 64 பிட் எண்ணாக வைப்பது), ஆல்ஃபா-பீட்டா (பயனற்ற கிளைகளைக் கழிக்கும் தேடல்), ஹாஷ் டேபிள் (ஏற்கெனவே பார்த்த நிலைகளின் நினைவு), குவையசன்ஸ் தேடல் (காய் வெட்டுகள் ஓயும் வரை தேடுவது) எல்லாம் வந்துவிட்டது, யுசிஐ (எஞ்சினும் திரை நிரலும் பேசும் நெறிமுறை) வழியாக ஆடவும் செய்கிறது. ஆரம்பத்தில் ரொம்ப ஒழுங்காகத்தான் எழுதினேன்: கட்டத்துக்கு ஒரு வகை, காய்க்கு ஒரு வகை, வெள்ளைக்கும் கருப்புக்கும் ஒரே ஃபங்ஷன், நகர்வுகளை ஒரு வெக்டரில் போட்டுத் திருப்பித் தருவது, இப்படி. யார் திறந்து பார்த்தாலும் புரியும்.

அப்புறம் வேகத்தின் மேல் ஆசை வந்தது. வெள்ளைக்குத் தனி, கருப்புக்குத் தனி என்று ஃபங்ஷன்களைப் பிரித்தேன், பாதி இடத்தில் மேக்ரோ, யானை, பிஷப் தாக்குதலுக்கு பெக்ஸ்ட் (ஓர் எண்ணிலிருந்து வேண்டிய பிட்களை மட்டும் பொறுக்கும் சிபியு கட்டளை), பிட் எண்ணுவதற்கு கம்பைலரின் சொந்த இன்ட்ரின்சிக் (நேரே சிபியு கட்டளையாக மாறும் ஃபங்ஷன்), எல்லாவற்றுக்கும் மேலே மார்ச்=நேட்டிவ் (என் சிபியுவுக்கென்றே கம்பைல் செய்யும் கொடி). நொடிக்கு எத்தனை நோட் (தேடும் நிலை) என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் இப்போது ஆர்ம் சிபியு உள்ள கணினியில் கம்பைலே ஆக மாட்டேன் என்கிறது, வேறொருவரின் கொஞ்சம் பழைய இன்டெல் கணினியில் திறந்த உடனே செத்துப்போகிறது, ஆன் பாசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை அடுத்த நகர்விலேயே வெட்டும்) விதியில் சின்னதாக எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நான்கு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

என் கேள்வி இதுதான்: எந்த இடத்தில் அசிங்கமாக எழுதினால் பலன் உண்டு, எந்த இடத்தில் வீண்? பெக்ஸ்டை விட்டு மேஜிக் பிட்போர்டுக்கு (அதே வேலையைப் பெருக்கலால் செய்யும் முறை) போகலாமா? இரண்டு நிறத்துக்கும் தனித்தனி நிரல் தேவையா? அசெம்பிளி வரைக்கும் இறங்கலாமா என்றுகூட ஒரு யோசனை இருக்கிறது, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.


பழைய_யானை:

சிரிக்கவில்லை, இந்தக் கட்டத்தைத் தாண்டாத ஆளே கிடையாது. ஆனால் ஒன்றரை மடங்கு நோட் என்பதை முதலில் ஈலோவாக (ஆட்டப் பலத்தின் அளவு) மாற்றிப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் குறைந்த நேர ஆட்டங்களில் 50 முதல் 70 ஈலோ வரை கிடைக்கும் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு, ஆட்ட நேரம் நீள நீள அது இன்னும் குறையும். அந்தக் கணக்கில் ஒன்றரை மடங்கு என்றால் 30 முதல் 40. மோசமில்லை. ஆனால் அடுத்து நீங்கள் ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து பிடுங்கப்போகும் 5 சதவீதம் வெறும் 4 ஈலோதான், அது உண்மையில் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பல ஆயிரம் ஆட்டங்கள் ஓட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு நிலைக்கு 35 நகர்வு என்று வைத்து 6 பிளை (ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு ஒரு பிளை) ஆழம் முழுசாகத் தேடினால் கடைசி மட்டத்தில் சுமார் 184 கோடி நிலைகள். நகர்வு வரிசை எல்லா இடத்திலும் சரியாக அமைந்த ஆல்ஃபா-பீட்டாவில், 1975-இல் நூத்தும் மூரும் காட்டிய கணக்குப்படி, அதுவே 86 ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். நிஜ எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது உங்கள் நகர்வு வரிசைப்படுத்தல். ஹாஷ் நகர்வு, காய் வெட்டும் நகர்வுகளுக்கு வரிசை, கில்லர், ஹிஸ்டரி (இரண்டும் முன்பு கிளையைக் கழிக்க உதவிய நகர்வுகளை முதலில் பார்ப்பது), அதற்கு மேல் நல் மூவ் (ஒரு முறை ஆடாமல் விட்டுப் பார்ப்பது), வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் தேடும் லேட் மூவ் ரிடக்‌ஷன். இவை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். இந்தப் பகுதியைத்தான் வாரத்துக்கு நான்கு முறை மாற்றி மாற்றிச் சோதிப்பீர்கள், அதனால் தேடல் ஃபங்ஷன் படிக்க முடியாதபடி இருந்தால் உங்களுக்கு வர வேண்டிய ஈலோ எல்லாம் அங்கேயே நின்றுவிடும். 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆல்ஃபாஸீரோ (தானே ஆடிக் கற்ற நரம்பியல் வலை எஞ்சின்) கட்டுரையில் அது நொடிக்கு 60 ஆயிரம் நிலை, எதிரே ஆடிய ஸ்டாக்ஃபிஷ் (புகழ்பெற்ற திறந்த மூல எஞ்சின்) 6 கோடி நிலை. ஜெயித்தது 60 ஆயிரம். வன்பொருள் வேறு, முறையே வேறு, ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் நோட் கணக்கை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். வெக்டரைத் தூக்கியது சரிதான், ஒவ்வொரு நோடிலும் ஹீப்பிலிருந்து நினைவகம் கேட்பது உண்மையிலேயே வலிக்கும். ஆனால் அதற்காக எதையும் அசிங்கமாக்க வேண்டியதில்லை. எந்த நிலையிலும் சட்டப்படியான நகர்வு 218-ஐத் தாண்டியதாகத் தெரிந்த நிலையே இல்லை, அதனால் 256 இடம் உள்ள ஒரு சாதாரண அரேயும் ஓர் எண்ணியும் வைத்த ஒரு சின்ன வகை போதும். படிக்கவும் சுகம், வேகமும் அதேதான். இப்படி இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் இடங்கள் நிறைய உண்டு, இரண்டும் எப்போதும் எதிரும் புதிருமாகத்தான் இருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

நிறம் பிரிப்பதற்கு டெம்ப்ளேட் போடுங்கள். நிறத்தை டெம்ப்ளேட் அளவுருவாகக் கொடுத்தால் சிப்பாய் மேலே போகுமா கீழே போகுமா, எந்த வரிசையில் ராணியாகும் என்பதெல்லாம் கம்பைல் நேரத்திலேயே மாறிலி ஆகிவிடும், நீங்கள் எழுதுவது ஒரு பிரதி, கம்பைலர் உண்டாக்குவது இரண்டு. ஸ்டாக்ஃபிஷ் இதைத்தான் செய்கிறது. ஆன் பாசானை நான்கு இடத்தில் மாற்றும் தலைவலி அதோடு தீர்ந்தது. ஆனால் இதையே எல்லா ஃபங்ஷனுக்கும் செய்துகொண்டு போகாதீர்கள், இரண்டு பிரதி என்றால் சிபியுவின் கட்டளைக் கேஷிலும் இரண்டு பங்கு இடம், சில சமயம் பிரித்த பிறகு வேகம் குறைந்தே போகும்.

அசெம்பிளி பற்றி ஒரு பழைய கதை. க்ரே பிளிட்ஸ் 1983-இலும் 1986-இலும் கணினிகளுக்கான உலகச் சாம்பியன். ஃபார்ட்ரானும் க்ரே சூப்பர்கணினியின் சொந்த அசெம்பிளியும் கலந்து எழுதியது, அந்த இயந்திரத்தின் வெக்டர் வசதிகளை எவ்வளவு பிழிய முடியுமோ அவ்வளவு பிழிந்தது. அப்புறம் அந்த மாதிரி இயந்திரத்தில் செஸ் ஆடும் காலமே போய்விட்டது. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான ராபர்ட் ஹயாட் அடுத்து கிராஃப்டியை சி மொழியில் புதிதாக எழுதினார், 64 பிட் முழு எண்ணை நம்பி. அது எவ்வளவு இடத்தில் ஓடியது என்றால், சிபியுக்களை ஒப்பிடும் ஸ்பெக் சிபியு 2000 சோதனைத் தொகுப்பிலேயே ஒரு நிரலாகச் சேர்த்தார்கள். அதிலும் பிட் தேடுவதற்கு அசெம்பிளித் துண்டுகள் இருந்தன, ஆனால் தனிக் கோப்பில், பக்கத்தில் அதே வேலைக்கு சி வடிவமும் இருக்கும்.


ஏழாம்_வரிசை:

பழைய_யானை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆர்மில் ஏன் விழுகிறது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இன்ட்ரின்சிக் சிக்கல் கம்பைல் ஆகாமல் நின்று உடனே தெரிந்துவிடும், கம்பைல் ஆகியும் தப்பாக ஓடுவதுதான் மோசம்.

உங்கள் நிரலில் எங்காவது வெறும் சார் வகையில் -1 போட்டு வைத்திருக்கிறீர்களா? உதாரணமாக 120 கட்டமுள்ள மெயில்பாக்ஸில் (பலகையைச் சுற்றி ஓரம் சேர்த்த அரே) பலகைக்கு வெளியே என்று காட்ட -1. எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) சார் எதிர்ம எண்ணை ஏற்கும், எல்லாம் சரியாக ஓடும். ஆர்ம் லினக்ஸில் சார் 0 முதல் 255 வரைதான். நீங்கள் போட்ட -1 அங்கே 255 ஆகிவிடும், பிறகு இது -1 தானா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், குதிரை பலகையை விட்டு வெளியே குதித்துப் பக்கத்து நினைவகத்தில் போய் உட்காரும். இன்ட்8 என்று வகையை வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது, வேகத்தில் துளிகூட இழப்பில்லை.

அடுத்தது 1 << 40. அதாவது 1-ஐ 40 பிட் இடதுபுறம் தள்ளுவது. அந்த 1 என்பது 32 பிட் எண். 32 இடமோ அதற்கு மேலோ தள்ளினால் என்ன வரும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை. எக்ஸ்86 சிபியு கீழ் 5 பிட்டை மட்டும் பார்க்கும், அதனால் 40 என்பது 8 ஆகி, ஏ6-இல் இருக்க வேண்டிய சிப்பாய் ஏ2-இல் முளைக்கும். 32 பிட் ஆர்மில் அதே வரி 0 தரும், சிப்பாயே காணாமல் போகும். லாங் என்று எழுதித் தப்பிக்கலாம் என்று நினைத்தால், 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸிலோ 32. யுஇன்ட்64 என்றே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்குப் பிடித்த வகைப் பிழை. கடைசி 1 பிட் எங்கே இருக்கிறது என்று கேட்கும் இன்ட்ரின்சிக்குக்கு 0-ஐக் கொடுத்தால் விடை வரையறுக்கப்படவில்லை. புதிய சிபியுவில் டிஇசட்சிஎன்டி கட்டளை 64 என்று சொல்லும். அந்தக் கட்டளையைப் பழைய சிபியு பிஎஸ்எஃப் ஆகப் படித்துக்கொள்ளும், பிழை என்று நிற்காது, 0 கொடுத்தால் ரெஜிஸ்டரில் ஏதோ ஒன்று இருக்கும். அதாவது ஒரே பைனரி இரண்டு கணினியில் இரண்டு விதமாக ஆடும். ராஜா இல்லாத சோதனை நிலையைக் கொடுத்தால்தான் பெரும்பாலும் இது வெளியே வரும். உங்கள் ஃபங்ஷனுக்குள் டீபக் நேரத்தில் மட்டும் வேலை செய்யும் ஓர் அஸர்ட் வையுங்கள்.

பிட் எண்ணுவதற்கும் தேடுவதற்கும் இனி இன்ட்ரின்சிக்கே வேண்டாம். சி++20 வந்த பிறகு பாப்கவுண்ட், கவுண்ட்ஆர்_ஸீரோ இரண்டும் மொழியின் நூலகத்திலேயே இருக்கின்றன, அதிலும் கவுண்ட்ஆர்_ஸீரோவுக்கு 0 கொடுத்தால் 64 என்பது எல்லா இடத்திலும் உறுதி. சரியான கொடி கொடுத்தால் கம்பைலர் அதை ஒரே கட்டளையாக்கிவிடும், கொடுக்காவிட்டால் மெதுவான வழியில் போகும், ஆனால் ஓடும். நேட்டிவ் என்று கம்பைல் செய்த பைனரியை அடுத்தவருக்குக் கொடுத்தால் செத்துத்தான் போகும், அது உங்கள் கணினிக்கு மட்டும். எக்ஸ்86-64-வி2 என்று ஒன்று, அதைவிடப் புதிய சிபியுக்களுக்கு வி3 என்று ஒன்று, ஆர்முக்கு ஒன்று, இப்படித் தனித்தனியாகக் கட்டி வையுங்கள், பெரிய எஞ்சின்களும் அப்படித்தான் வெளியிடுகின்றன.

பெக்ஸ்ட் விஷயம்: அது 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் சிபியுவோடு வந்த பிஎம்ஐ2 கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தது. ஆர்மில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஏஎம்டியில் ஸென் 1, ஸென் 2 இரண்டிலும் கட்டளை இருக்கிறது, ஆனால் மைக்ரோகோடில் (பல சிறு படிகளாக) ஓடுவதால் மேஜிக் பெருக்கலைவிடப் படுமெதுவு. 2020-இல் ஸென் 3 வந்த பிறகுதான் சரியானது. ஆக, இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பயன்படுத்தினால் சில கணினிகளில் உங்கள் மேம்பாடே வேகத்தைக் கெடுக்கும். மேஜிக்கை அடிப்படையாக வையுங்கள், ஒரு பெருக்கல், ஒரு தள்ளல், ஒரு டேபிள் பார்வை, எங்கேயும் ஓடும். யானைக்கு மட்டும் 1,02,400 இடம், 800 கேபி. பிஷப்புக்கு 41 கேபி. பெக்ஸ்டுக்கும் அதே டேபிள்தான், குறியீட்டு எண் கணக்கிடும் ஒரே வரிதான் வேறு. யானைத்_தாக்குதல் என்று ஒரு ஃபங்ஷன், அதன் உள்ளே எது இருந்தாலும் வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.

பாலிகிளாட் வடிவ ஓப்பனிங் புத்தகம் (ஆரம்ப நகர்வுகளின் கோப்பு) படிக்கிறீர்கள் என்றால் அதன் 16 பைட் பதிவுகள் பிக்-எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பிலிருந்து இழுக்காமல் பைட் பைட்டாகச் சேர்த்துப் படியுங்கள். புத்தகம் படிப்பது ஒரு நகர்வுக்கு ஒரு தடவைதான், அங்கே வேகம் யாருக்கு வேண்டும்.


நானோநொடி:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. மேலே இருவரும் சொல்வது பழைய மாதிரி எஞ்சினுக்குப் பொருந்தும். நீங்கள் என்என்யுஇ (நிலையை மதிப்பிடும் சிறிய நரம்பியல் வலை) பக்கம் போகிற எண்ணம் இருந்தால் (போகாமல் யாரும் இருப்பதில்லை) கதையே வேறு. 2018-இல் யு நாசு ஷோகிக்காக (ஜப்பானியச் செஸ்) கொண்டுவந்ததை ஸ்டாக்ஃபிஷ் 2020-இல் 12-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது, அதன் முதல் அடுக்கு ஒரு பக்கத்துக்கு 41,024 உள்ளீடு, 256 வெளியீடு. ஒரு காய் நகர்ந்தால் முழுவதையும் திரும்பக் கணக்கிடாமல் மாறிய சில வரிகளை மட்டும் கூட்டிக் கழிக்கிறோம், அப்படியும் ஒவ்வொரு நோடிலும் நூற்றுக்கணக்கான 16 பிட் கூட்டல். எக்ஸ்86-இன் ஏவிஎக்ஸ்2 ஒரே கட்டளையில் 16 எண்ணைக் கூட்டும், ஆர்மின் நியான் 8 எண்ணை. இதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தால் வித்தியாசம் 5 சதவீதமெல்லாம் இல்லை, மடங்குக் கணக்கில் இருக்கும். ப்ரொஃபைலரைப் போட்டுப் பாருங்கள், மூவ் ஜெனரேட்டர் எங்கோ கீழே கிடக்கும், மேலே முழுக்க நெட்தான். அந்த இடத்தில் அழகு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் இங்கேயும் உடனே இன்ட்ரின்சிக்குக்குத் தாவ வேண்டாம். அரே நீளம் கம்பைல் நேரத்திலேயே தெரிகிற மாதிரி, உள்ளே இஃப் எதுவும் இல்லாமல், முகவரி சீரமைப்போடு ஒரு சாதாரண ஃபார் சுற்று எழுதினால் கூட்டல் கழித்தலை ஜிசிசியும் கிளாங்கும் தாங்களே வெக்டராக்கிவிடும் (பல எண்களுக்கு ஒரே கட்டளை), அதே நிரல் ஆர்மிலும் நியானாக மாறும். வெளியான அசெம்பிளியைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அசெம்பிளி எழுதத் தெரிய வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். 8 பிட் பெருக்கிக் கூட்டும் அடுக்குகளில்தான் கம்பைலர் பெரும்பாலும் கோட்டை விடும், அங்கே கையால் எழுதுங்கள். எழுதினாலும் அந்தச் சாதாரணச் சுற்றை அழிக்காதீர்கள். டீபக் கட்டுமானத்தில் இரண்டையும் ஓட்டி விடை ஒன்றா என்று ஒப்பிட அது வேண்டும், நாளைக்கு வேறு சிபியு வந்தால் முதல் நாளே ஓடுவதற்கும் அது வேண்டும்.

அசிங்கம் என்றால் குறிப்பு இல்லாத அசிங்கத்தைத்தான் நான் வெறுக்கிறேன். நடு ஆட்ட மதிப்பையும் கடைசி ஆட்ட மதிப்பையும் ஒரே 32 பிட் எண்ணில் அடைத்து ஒரே கூட்டலில் இரண்டையும் கூட்டும் தந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பாதி எதிர்மமானால் மேல்பாதியிலிருந்து 1 கடன் போயிருக்கும், அதனால் மேல்பாதியை எடுக்கும்போது 32768-ஐக் கூட்டிவிட்டுத்தான் 16 பிட் தள்ள வேண்டும். அந்த 32768 ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து யாரோ, அது நீங்களாகவும் இருக்கலாம், தேவையில்லாத எண் என்று நினைத்து நீக்கிவிடுவார். எதுவும் உடைந்த மாதிரி தெரியாது, சில நிலைகளில் மதிப்பு ஒன்று குறையும், அவ்வளவுதான்.


சிப்பாய்_64:

எல்லோருக்கும் நன்றி. நல் மூவ் இருக்கிறது, ஹிஸ்டரி இல்லை, லேட் மூவ் ரிடக்‌ஷனும் இல்லை, அதனால் பழைய_யானை கேட்டதற்குப் பதில் சங்கடமானதுதான். முதலில் டெம்ப்ளேட், அப்புறம் பிட் வேலைகள் எல்லாவற்றையும் ஒரே ஹெடருக்குள் தள்ளுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். இவ்வளவையும் மாற்றும்போது எதுவும் உடையவில்லை என்று எப்படி நம்புவது? அப்புறம் நகர்வைத் திரும்பப் பெறும் அன்மேக் ஃபங்ஷன்தான் என் நிரலில் இருப்பதிலேயே கோரமானது, அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் போர்டை நகல் எடுத்துவிட்டால் ரொம்ப மெதுவாகிவிடுமா?


ஏழாம்_வரிசை:

முதல் கேள்விக்கு பெர்ஃப்ட் (ஒவ்வோர் ஆழத்திலும் எத்தனை நகர்வு வழிகள் என்று எண்ணும் சோதனை). ஆரம்ப நிலையிலிருந்து 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று போக வேண்டும். ஆரம்ப நிலையோடு நிறுத்தாதீர்கள், காஸ்லிங், ஆன் பாசான், பின் (ராஜாவை மறைத்து நிற்பதால் நகர முடியாத காய்) பிழைகள் அதில் லேசில் மாட்டாது. கிவிபீட் என்று ஒரு நிலை இருக்கிறது, அதில் 48, 2,039, 97,862, 40,85,603. இந்த எண்களை எக்ஸ்86-இலும் ஆர்மிலும் ஓட்டிப் பார்த்தால் நான் மேலே சொன்னவற்றில் பாதி அப்போதே மாட்டிவிடும்.

தேடலுக்கு ஒரு பென்ச். குறிப்பிட்ட சில நிலைகளைக் குறிப்பிட்ட ஆழம் வரை ஒரே த்ரெட்டில் தேடி மொத்த நோட் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வேகத்துக்காக மட்டும் செய்த மாற்றம் என்றால் அந்த எண் ஒன்றுகூட மாறக் கூடாது, நேரம்தான் குறைய வேண்டும். எண் மாறினால் நீங்கள் ஆட்டத்தையே மாற்றிவிட்டீர்கள். ஸ்டாக்ஃபிஷில் தேடலைத் தொடும் ஒவ்வொரு கமிட்டின் கீழேயும் பென்ச் என்று ஓர் எண் இருப்பது இதற்குத்தான். அங்கே இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு: ஒரு விதியை எடுத்துவிட்டு நிரலை எளிமையாக்கினால், ஃபிஷ்டெஸ்டில் (அவர்களின் ஆட்டச் சோதனைத் தளம்) பலம் குறையவில்லை என்று தெரிந்தாலே போதும், சேர்த்துக்கொள்வார்கள், கூடியிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.


பழைய_யானை:

நகல் எடுப்பதைப் பற்றி: 8 பிட்போர்ட் 64 பைட், கட்டத்துக்கு ஒரு பைட் என்று இன்னொரு 64, ஹாஷ் சாவி, காஸ்லிங் உரிமை, ஆன் பாசான் கட்டம், 50 நகர்வு எண்ணி எல்லாம் சேர்த்தாலும் 200 பைட்டைத் தாண்டாது. கேஷ் வரிசை 64 பைட் என்று வைத்தால் மூன்றோ நான்கோ வரிசை, அதுவும் எப்போதும் எல்1 கேஷில் சூடாக இருப்பவை. அளந்து பாருங்கள், பல எஞ்சின்களில் இரண்டுக்கும் வித்தியாசம் இரைச்சலுக்குள் அடங்கிவிடுகிறது, அன்மேக் முழுவதையும் அழித்துவிடலாம், அதோடு காஸ்லிங்கைத் திரும்பப் பெறும்போது யானையை மறந்துவிடும் வகைப் பிழைகளும் போய்விடும். ஒன்று மட்டும், நானோநொடி சொன்ன பக்கம் பிறகு போவதாக இருந்தால் நெட்டின் அக்யுமுலேட்டரை (முதல் அடுக்கின் கூட்டுத்தொகைகள்) போர்டுக்குள் வைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் 256 எண் என்றாலே 1 கேபி, ஒவ்வொரு நகர்வுக்கும் அதையும் சேர்த்து நகல் எடுத்தால் அப்போது நிஜமாகவே தெரியும். அதைத் தனி அடுக்காகத் தேடல் ஆழத்துக்கு ஒன்று என்று வைத்து, மதிப்பீடு கேட்கும்போது மட்டும் நிரப்புங்கள்.